சுவர் போட்ட கையோடு

ஜூன் 3, செவ்வாய்

அலுவலகத்தில் புது மென்பொருள் வந்து ஒரு மாதம் ஆகிறது. இன்றைக்குத்தான் எனக்கும் அதற்கும் ராசியாயிற்று.

இத்தனை வருஷமாகக் கணினியில் இரண்டு கோடு இழுத்துவிட்டு, அதைச் சுவர் என்று நானும் நம்பி, வீடு கட்ட வந்தவர்களையும் நம்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதில் சுவர் என்றால் சுவர்தான். கனம் உண்டு, உயரம் உண்டு, ஒரு பொத்தானைத் தட்டினால் எழுந்து நிற்கிறது. கதவைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தால் தானே இடம் பண்ணிக்கொண்டு உட்காருகிறது. தனக்கு ஒரு எண்ணும் போட்டுக்கொள்கிறது. வரைந்து முடித்த வீட்டுக்குள் திரையிலேயே நடந்து பார்க்கலாம். கிட்டே போனால் கதவு தானாகத் திறந்து வழிவிடும். நிஜ வீட்டில் எனக்கு அவ்வளவு மரியாதை கிடையாது.

இன்று ஒரு வயதான தம்பதி வந்தார்கள். கட்டப்போகும் வீட்டுக்குள் அவர்களை நடத்திக் கூட்டிப்போனேன். சமையலறை வந்ததும் அந்த அம்மா, "கொஞ்சம் நில்லும்மா" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இங்க நின்னா வாசல்ல யார் வர்றாங்கன்னு தெரியுது" என்றார். அதற்காகத்தான் அந்த ஜன்னலை அங்கே வைத்தேன். நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார். நாள் முழுக்க அந்தச் சந்தோஷத்திலேயே ஓடியது.

எங்கள் மேடத்துக்கு ஒரே ஒரு வேதவாக்கு உண்டு. "சுவர் போட்ட கையோட கதவைப் போடு. அப்புறம்தான் அடுத்த சுவர்." இதற்குக் காரணம் ஜெராக்ஸ். பழைய பிளானை எடுத்து அப்படியே புது வீட்டுக்குப் போடுவதால் பக்கத்து மேசைக்காரருக்கு நான் வைத்த பெயர் அது. ஒரு தடவை அவர் அனுப்பிய பிளானில் படுக்கை அறைக்குக் கதவே இல்லை. வீட்டுக்காரர் போன் பண்ணி, "தூக்கம் வந்தா ஜன்னல் வழியா ஏறிக் குதிக்கணுமா?" என்று கேட்டார். அன்றைக்கு வந்தது இந்தச் சட்டம். இப்போது என் விரல்களுக்கு இது மனப்பாடம். சுவருக்கு ஒரு விசை, கதவுக்கு அதற்குப் பக்கத்து விசை. தட், தட். மூளைக்கு வேலையே இல்லை.

ஜூன் 5, வியாழன்

என் வீட்டுக்காரரும் இவருடைய அண்ணனும் பேச்சை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. ஒரே வீடு, ஒரே கூடம், ஒரே சமையல். பேச்சு மட்டும் இல்லை. நடுவில் நானும் அக்காவும் தபால் பட்டுவாடா செய்துகொண்டிருக்கிறோம். அக்கா என்றால் என் ஓரகத்தி. இந்த வீட்டுக்கு என்னைவிட மூன்று வருஷம் மூத்த மருமகள்.

இன்று காலையில் பெரியவர், அதான் இவருடைய அண்ணன், அக்காவிடம், "மோட்டாரை நிறுத்தச் சொல்லு, தண்ணி வழியுது" என்றார். இவர் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். அக்கா என்னைப் பார்த்து, "மோட்டாராம்" என்றாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் எழுந்துபோய் நிறுத்திவிட்டு வந்து, "நிறுத்தியாச்சுன்னு சொல்லு" என்றார். யாரிடம் சொல்வது? சுவரிடமா?

எல்லாம் ஒரு கட்டிலால் வந்தது. மாமனார் கடைசி வரை படுத்திருந்த கட்டில். அவர் போன பிறகு அது காலியாகக் கிடப்பதைப் பார்க்கிறபோதெல்லாம் இவருக்கு நெஞ்சை அடைத்தது. ஒரு நாள் யாரையும் கேட்காமல் முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டார். பெரியவர் வேலை முடிந்து வந்து வெறும் தரையைப் பார்த்தார். "யாரைக் கேட்டுக் குடுத்தே? இது உன் வீடா?" என்றார். இவர் உடனே, "அப்போ எது யாருதுன்னு பிரிச்சிடலாம்" என்றார். இரண்டு பேருக்கும் அப்பா போன துக்கம். அதை அழுது தீர்க்கத் தெரியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

முடிவு பண்ணிவிட்டார்கள். கூடத்துக்கு நடுவே சுவர்.

வாசல் கதவும் சமையலறையும் எங்கள் பக்கம். பக்கவாட்டுக் கதவு அவர்கள் பக்கம். சாமான் அறை அவர்களுக்குச் சமையலறை ஆகும். இதோடு போகவில்லை. பெரியவர் அங்கே இருக்கப்போவதும் இல்லையாம். தன் பாதியை வாடகைக்கு விட்டுவிட்டு, வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டு போகப்போகிறாராம். அப்படியென்றால் அக்கா போகப்போகிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முன்பின் தெரியாதவர்கள் வந்து இருமுவார்கள்.

பிளான் யார் போடுவது என்ற கேள்வியே வரவில்லை. "வீட்லயே ஆள் இருக்கும்போது வெளியில எதுக்குக் குடுக்கணும்" என்று பெரியவர் அக்காவிடம் சொன்னார். இவரும் தலையை ஆட்டினார். ஐந்து மாதத்தில் அண்ணனும் தம்பியும் ஒத்துப்போன ஒரே விஷயம், இதை என் தலையில் கட்டியது.

எனக்கு இந்தத் தொழிலே அக்கா கொடுத்தது. கல்யாணமாகி வந்த புதிதில், நான் காகிதம் கிடைத்தால் அறை அறையாகக் கிறுக்குவதைப் பார்த்துவிட்டு, "நான் வீட்டைப் பாத்துக்கிறேன். நீ போய் இதையே படிச்சுத் தொலை" என்றாள். மகள் பிறந்த பிறகும் வகுப்புக்கு அனுப்பினாள். ஒரு நாள் நான் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "வா வா, உன் பொண்ணு நடக்கப்போறா மாதிரி இருக்கு பாரு" என்று குழந்தையை நிறுத்திக் கையை விட்டாள். என் கண் முன்னால் என் மகள் முதல் அடி எடுத்து வைத்தாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பல வருஷம் கழித்துப் பெரியவர்தான் பேச்சுவாக்கில் சொன்னார். அதற்கு முந்தின நாளே நடந்துவிட்டாளாம். "அவ அம்மா பாக்கலைன்னா அது முதல் அடி இல்லை, யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று அக்கா வீட்டையே மிரட்டி வைத்திருந்தாளாம்.

அவளுக்கும் எனக்கும் நடுவில் நான் சுவர் போடணும். நல்லா இருக்கு நியாயம்.

ஜூன் 9, திங்கள்

சாயங்காலம் கூடத்தை அளந்தோம். அக்கா டேப்பின் நுனியைச் சுவரோடு வைத்துப் பிடித்துக்கொண்டாள். நான் இழுத்துக்கொண்டே இந்தக் கோடிக்கு வந்தேன்.

"கெட்டியா பிடிச்சுக்கோங்கக்கா."

"நான் பிடிச்சுட்டுத்தான் இருக்கேன். நீதான் தள்ளிப் போய்க்கிட்டே இருக்கே."

டேப்பைத்தான் சொன்னாள். ஆனால் நான் அவள் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டேன். எண்களை மட்டும் எழுதிக்கொண்டேன்.

ஒரு சிக்கல். நட்டநடுவே கோடு போட்டால் அது சரியாகப் போய் முன்பக்கத்து ஜன்னலில் முட்டுகிறது. அந்த ஜன்னல் ஓரத்தில்தான் அக்காவின் தையல் மிஷின்.

ஜூன் 11, புதன்

கோப்பைத் திறந்தேன். மூடினேன். ஊரார் வீட்டுக்கெல்லாம் யோசிக்காமல் போட்ட கை.

ஜூன் 14, சனி

போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை அரை நாள். எல்லோரும் கிளம்பிய பிறகு உட்கார்ந்தேன். இருக்கிற வீட்டை முதலில் வரைந்தேன். பத்துக் கதவு, எட்டு ஜன்னல். மாமனார் ஒட்டுப்போட்ட மூலை முதற்கொண்டு எல்லாம் என் கைக்குத் தெரிந்தது. பிறகு அந்தச் சுவர். கொஞ்சம் எங்கள் பக்கமாகத் தள்ளிப் போட்டேன். ஜன்னல் முழுசாக அக்கா பக்கம் போய்விட்டது. எங்களுக்கு வாசல் வெளிச்சம் போதும். இவர் கேட்டால், தூண் அங்கேதான் வருகிறது என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். இவருக்குத் தூணும் தெரியாது, துரும்பும் தெரியாது.

கண்ணெல்லாம் மசமசவென்று இருந்தது. எப்படியாவது முடித்தால் போதும் என்றிருந்தது. சாமான் அறைக்கு ஒரு பெரிய ஜன்னல் வைத்தேன், அடுப்பு மேடை வைத்தேன். கடைசியில் வழக்கம்போல நடந்து பார்த்தேன். எங்கள் சமையலறையில் கிளம்பி, கூடத்தைத் தாண்டி, அக்காவின் புதுச் சமையலறை வரை போனேன். மேடை அவள் உயரத்துக்குச் சரியாக இருந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதே வழியில் திரும்பி வந்தேன். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை நடக்கிற வழி.

இரண்டு படி அச்செடுத்தேன். மறுபடி பார்க்கப் பிடிக்கவில்லை. சுருட்டி ரப்பர் போட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். இவர் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். பெரியவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டு அறைக்குள் போனார். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பெண்கள் இரண்டும் மட்டும் கூடத்தில் சண்டை. என் மகளும் அக்கா மகளும், எந்தப் பக்கம் டிவி வரும் என்று.

ஜூன் 17, செவ்வாய்

என்ன காரியம் பண்ணியிருக்கிறேன்.

காலையில் இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "அந்தக் கதவு... அவர் கேட்டாரா?"

"எந்தக் கதவு?"

"நடுச்சுவர்ல வெச்சிருக்கியே, அது."

பிளானை வாங்கி விரித்தேன். சுவருக்கு நடுவில் அழகாக, பலகை திறக்கும் வீச்சுக்குப் போடுகிற ஒரு கால்வட்டம். கதவு. பக்கத்தில் கதவுகளின் அட்டவணையில், யாரும் கேட்காமல் தானே சேர்ந்துகொண்ட கடைசி வரி: கதவு எண் பதினொன்று, மூன்றடி, ஒற்றைப் பலகை.

சுவர் போட்ட கையோடு கதவைப் போட்டிருக்கிறேன். தட், தட். பாழாய்ப்போன பழக்கம். திரையில் அக்கா சமையலறை வரைக்கும் நடந்து போனேனே, நடுவில் ஒன்றும் முட்டவில்லையே என்று அப்போது தோன்றவே இல்லை. முட்டாத வழியில்தானே பதினாலு வருஷம் நடந்தேன்.

"சொல்லேன். அவரா கேட்டார்?" என்றார் இவர் மறுபடியும்.

தப்பாகப் போட்டுவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இவர் முகத்தைப் பார்த்தேன். ஐந்து மாதமாக அந்த முகத்தில் இல்லாத ஏதோ ஒன்று இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். இவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்.

"சரி. அண்ணன் கேட்டிருந்தா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். "அண்ணன்" என்றார். இத்தனை நாள் "அவர்", "அந்த ஆள்", "உங்கக்கா வீட்டுக்காரர்".

ஜூன் 18, புதன்

அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா சமையலறைக்குள் என்னை இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஏய், உன் வீட்டுக்காரர் கதவு கேட்டாராமா? இவர் நேத்து பூராவும் அந்தப் பிளானை மடிச்சு மடிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கார். 'அவன் கேட்டிருப்பான், இல்லேன்னா அவ எப்படிப் போடுவா'ன்னு பத்துத் தடவை சொல்லிட்டார்."

எனக்குத் தாங்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன். கை தவறிவிட்டது என்று, மேடம், ஜெராக்ஸ், இரண்டு விசை, எல்லாவற்றையும். அக்கா முழுக்கக் கேட்டாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

"இன்னைக்கே திருத்திடறேன்கா. தப்பான பிளானை எப்படிக் குடுக்குறது? மேஸ்திரி வந்தா அப்படியே கட்டிடுவார்."

"அதைத்தான் சொல்றேன். அப்படியே கட்டட்டும். பேசாம இரு."

"பொய்யில்லையா?"

"நீ பொய் சொன்னியா? வாயே திறக்கலையே. அவங்க ரெண்டு பேரும் அவங்கவங்க ஆசையை அடுத்தவன் தலையில போட்டுப் பாக்குறாங்க. பாக்கட்டும்."

ஜன்னலைப் பற்றியும் அவளே கேட்டாள். "அதுவும் கை தவறியா?" இல்லை என்று தலையாட்டினேன். என் கன்னத்தை ஒரு கிள்ளு கிள்ளிவிட்டுப் போனாள். இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும்.

ஜூன் 19, வியாழன்

மதியம் கோப்பைத் திறந்து அந்தக் கதவின் மேல் மவுஸ் அம்பைக் கொண்டுபோய் வைத்தேன். நீல நிறமாக மினுங்கியது. அழிக்கும் விசை என் சுண்டுவிரலுக்கு எட்டுகிற தூரம்.

தொழில் என்று பார்த்தால் இது தப்பு. கேட்காததைப் போடக் கூடாது. யாராவது வாடிக்கையாளருக்கு இப்படிப் பண்ணியிருந்தால் மேடம் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். அது தெரிகிறது. ஆனால் அழித்துவிட்டு வீட்டுக்குப் போய் இவரிடம் என்ன சொல்வது? உங்கண்ணன் கேட்கவில்லை, நீங்கள் சும்மா சந்தோஷப்பட்டீர்கள் என்றா?

நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடிவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று தரகர் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். கணவன், மனைவி, அந்தப் பெண்ணின் அம்மா. பெரியவரின் பாதிக்கு. சுவரே இன்னும் எழும்பவில்லை, அதற்குள் ஆள் வந்துவிட்டது. அக்கா பேருக்கு முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு அறைகளைக் காட்டினாள். நான் சமையலறையில் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் எங்கள் அறையில் இருந்தார், கதவு பாதி திறந்திருந்தது.

வந்தவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. பெரியவர் பிளானை விரித்துக் காட்டினார். அந்தப் பெண் விரலை வைத்து, "இது என்ன, நடுவுல ஒரு கதவு?" என்று கேட்டாள்.

தரகர் முந்திக்கொண்டார். "அது ஒண்ணும் இல்லம்மா, அதை அடைச்சுக் குடுத்துடுவாங்க. ஒரு நாள் வேலை."

கையில் இருந்த டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். ஒரு வார்த்தைதானே. சரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

பெரியவர் பிளானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "அதை அடைக்க முடியாதுங்க" என்றார். "அது என் தம்பி வெச்ச கதவு."

"அப்புறம் யார் சார் வாடகைக்கு வருவா?" என்றார் தரகர்.

"வராட்டி இருக்கட்டும்."

அவர்கள் போய்விட்டார்கள். நான் மெல்ல எட்டிப்பார்த்தேன். எங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் இவர் நின்றுகொண்டிருந்தார். கேட்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் எதையோ தேடுகிற மாதிரி அலமாரியைத் திறந்தார். பாவம், காலி அலமாரி.

ஜூன் 23, திங்கள்

இனிமேல் அந்தக் கதவை நான் அழிக்கமாட்டேன். தெரிந்தே விட்டுவைக்கிறேன். இது என் முடிவு, கை மேல் பழி போடவில்லை.

ஜூலை 2, புதன்

மேஸ்திரி வேலையை ஆரம்பித்துவிட்டார். வீடெல்லாம் சிமெண்ட் தூசி. சுவர் இடுப்பளவு வந்திருக்கிறது, நடுவில் ஒரு இடைவெளி விட்டு.

அந்த இடைவெளிக்கு வந்த யோகம் வேறு எதற்கும் வரவில்லை. காலையில் இவர் போய் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். என்னிடம் வந்து, "மூணடி போதுமா? அண்ணியோட தையல் மிஷினை இந்தப் பக்கம் கொண்டுவரணும்னா இடிக்காதா?" என்றார். தையல் மிஷின் எதற்கு இந்தப் பக்கம் வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் பெரியவர் அக்காவிடம், "கொஞ்சம் அகலமா விடச் சொல்லு. பிள்ளைங்க ரெண்டும் ஒரே நேரத்துல ஓடி வந்தா மாட்டிக்கும்" என்றார். பேசிவைத்துக்கொண்ட மாதிரி இரண்டு பேரும் மூன்றரை அடி கேட்டார்கள். இன்னும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

மேஸ்திரி என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, இது சுவர் கட்டுறதா, கதவு வைக்கிறதா? எது முக்கியம்னு சொல்லிட்டீங்கன்னா அதுக்கேத்த மாதிரி பண்ணுவேன்." ரெண்டும் என்று சொல்லிவைத்தேன்.

மூன்றரை என்று கோப்பில் திருத்தினேன். கதவு தானாக அகலமாகியது. சுவர் தானாக விலகிக்கொண்டது. இந்த மென்பொருளை எழுதினவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஜூலை 5, சனி

சுவர் மேலே கூரையை முட்டிவிட்டது. கூடம் சின்னதாகிவிட்டது. சொன்னால் நம்பமாட்டார்கள், நான் போட்ட சுவர்தான், எனக்கே முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மகள் வந்து ஈரச் சுவரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "பெரியம்மா சத்தம் கேக்குது" என்றாள். இடைவெளி வழியாகத்தான் கேட்டது. நான் அவளைத் திருத்தவில்லை.

ஜூலை 12, சனி

இன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவிட வேண்டும்.

தச்சர் நிலையை வைத்துவிட்டுக் கதவுப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தார். பையிலிருந்து தாழ்ப்பாளை எடுத்தார். இவர் இந்தப் பக்கம் நாற்காலியில், பெரியவர் அந்தப் பக்கம் பிரம்பு மோடாவில். நானும் அக்காவும் தூசி கூட்டிக்கொண்டிருந்தோம்.

தச்சர் பொதுவாகக் கேட்டார். "தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைக்கணும்?"

யார் பக்கம் தாழ்ப்பாளோ அவர்கள்தானே சாத்திக்கொள்ளலாம், திறக்கலாம். நான் கூட்டுவதை நிறுத்திவிட்டேன்.

இவர்தான் முதலில் பேசினார். தச்சரைப் பார்த்துத்தான் சொன்னார். "அண்ணன் பக்கம் வைங்க. அவர் கேட்ட கதவு."

பெரியவர் நிமிர்ந்தார். "நானா? நீதானே கேட்டே?"

"நான் கேக்கலையே. நீங்க கேட்டீங்கன்னு..."

"நான் எங்கேடா கேட்டேன்?"

அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். தச்சரும் திரும்பினார். விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன். அக்கா கூரையைப் பார்த்தாள், நல்ல ஆள்.

"யாரும் கேக்கலை" என்றேன். "அது... என் கை கேட்டுச்சு. சுவர் போட்ட கையோட கதவு போட்டுப் போட்டுப் பழகிப்போச்சு. அழுதுகிட்டே போட்டேன், பாக்கலை. தெரிஞ்சப்புறம் எடுக்க மனசு வரலை."

பெரியவர் நிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ அவன் கேக்கலை" என்றார், தனக்குத்தானே. இவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. இவ்வளவு நாள் அடுத்தவர் கேட்டார் என்ற நினைப்பில்தானே கதவு நின்றது, இப்போது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

தச்சர் தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்போ இந்தக் கதவு வேணுமா, வேண்டாமா? வேண்டாம்னா சொல்லிடுங்க, நிலையைப் பிரிச்சு எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

அக்கா விளக்குமாற்றைக் கீழே போட்டாள். "நல்லாக் கேளுங்க அவங்களை. ஒருத்தரும் கேக்கலை, ரெண்டு பேரும் வெச்சுக்கிட்டாங்க. இவர் வந்தவங்களைத் திருப்பி அனுப்பிச்சார். அவர் என் தையல் மிஷினுக்கு அளவு எடுத்தார். இப்போ எடுக்கச் சொல்லட்டும் பாப்போம். யாருக்கு வேண்டாமோ அவங்க கையைத் தூக்கட்டும்."

யாரும் தூக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர் மோடாவிலிருந்து எழுந்து வந்தார். நிலையைத் தொட்டுப் பார்த்தார். "கீழ கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. பிறகு, "அந்தப் பக்கம் பிடிடா" என்றார்.

இவர் எழுந்துபோய்ப் பிடித்தார்.

அந்த "டா"வைக் கேட்டு ஆறு மாதம் ஆகிறது. நான் சமையலறைக்கு ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பின்னாலேயே அக்கா வந்தாள். "தண்ணி வீணாகுது" என்று குழாயை மூடிவிட்டு அவளும் அழுதாள்.

தச்சர் கிளம்பும்போது வாசலில் வைத்து என்னைக் கேட்டார், "தாழ்ப்பாளை என்ன பண்றதும்மா?" உள்ளேயிருந்து இரண்டு குரல் ஒன்றாக வந்தது. "வேண்டாம்."

ஜூலை 13, ஞாயிறு

எனக்கு இந்த வேலையைக் கொடுத்த அக்காவுக்கு நன்றி. எனக்கு இந்தப் பழக்கத்தைக் கொடுத்த மேடத்துக்கு நன்றி. கதவில்லாத அறை வரைந்த ஜெராக்ஸுக்கு ரொம்ப நன்றி. நாளைக்கு அவருக்கு ஒரு டீ வாங்கித் தர வேண்டும். எதற்கு என்று கேட்டால் சொல்லமாட்டேன், தலைகால் புரியாமல் ஆடுவார்.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் பெரியவர் கதவருகே வந்து நின்று, "அந்த இல்லம் எங்க இருக்கு?" என்று கேட்டார். எங்களிடம் இல்லை, நேராக இவரிடம். இவர் சட்டையை மாட்டிக்கொண்டார். ஒரே வண்டியில் போனார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வந்தார்கள்.

அப்பாவின் கட்டிலில் இப்போது ஒரு முன்னாள் டிரைவர் படுத்திருக்கிறாராம். திரும்பிப் படுத்தால் கிரீச் என்கிறது, பக்கத்துக் கட்டில்காரர் திட்டுகிறார் என்று இவர்களிடமே புகார் சொன்னாராம். அண்ணனும் தம்பியும் தரையில் மண்டியிட்டு மரையை முடுக்கிவிட்டு வந்திருக்கிறார்கள். "அப்பா இருந்தப்பவே முடுக்கியிருக்கணும்" என்றார் பெரியவர். "அப்பாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்" என்றார் இவர். அதற்கு ஒரு சின்ன வாக்குவாதம். கேட்கக் கேட்க இனிப்பாக இருந்தது.

தரகர் இரண்டு தடவை போன் பண்ணினார். பெரியவர் எடுக்கவில்லை. வீடு பார்க்கிற பேச்சையும் காணோம். சாமான் அறையில் புதுச் சமையலறை தயாராகத்தான் இருக்கிறது. மேடை அவள் உயரத்துக்கு அளவாக இருக்கிறது. ஆனால் அக்கா இன்றைக்கும் இந்தப் பக்கம் வந்துதான் சமைத்தாள். அங்கே தனியாக நின்றால் உப்புப் போட்டோமா இல்லையா என்று மறந்துபோகிறதாம்.

ஜூலை 28, திங்கள்

காற்றில் அந்தக் கதவு படார் படார் என்று அடித்துக்கொள்கிறது. தாழ்ப்பாள் இல்லையே.

இன்று காலையில் இவர் வேலைக்குக் கிளம்பும்போது, "என் இன்னொரு செருப்பு எங்கே?" என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். வாசலில் இல்லை, மேசைக்கடியில் இல்லை. மகள் விரலை நீட்டிக் காட்டினாள். நடுக்கதவு விரியத் திறந்திருந்தது. மூடிக்கொள்ளாமல் இருக்க அடியில் அந்தச் செருப்பை முட்டுக் கொடுத்து வைத்திருந்தது. பெரியவர் வேலைதான், அவர் அந்தப் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இவர் அங்கே போய் நின்று பார்த்தார். குனியவில்லை. திரும்பி வந்து, பரணிலிருந்த பழைய ஜோடியை எடுத்துத் தூசியைத் தட்டிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.